மணக்காத மண்டபம் ஒன்று வேண்டும்

சென்ற மாதம் நமது சங்கத்தின் பொதுக்கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மேடையில் படத்திறப்பு முடிந்தது. கட்டுக் கட்டாக ஊதுவத்தி கொளுத்தி வைத்தோம். வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்தோம். மண்டபத்துக்காரர் தம் பங்குக்கு ரூம் ஸ்பிரே அடித்துவிட்டுப் போனார். ஏ.சி. போட்டிருக்கிறதே என்று கதவுகளையும் சாத்திவிட்டோம். மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் உறுப்பினர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனார். மேடையில் இருந்த பேச்சாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. தமது கருத்தை எதிர்த்து வெளிநடப்புச் செய்கிறார் என்று எண்ணிக்கொண்டார் போலும்!

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, செருப்பு விடும் இடத்தை ஒட்டிய படிக்கட்டில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். கையில் இன்ஹேலர். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக்கித்தான் பேச முடிந்தது.

"உள்ள என்ன பேசினீங்கன்னு காதுல விழலண்ணா. அந்த வாசன எனக்குச் சேராது. நெஞ்சு மேல கல்ல வச்ச மாதிரி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

தவறு செய்தவர்கள் நாம். மன்னிப்புக் கேட்டவரோ அவர். பதினான்கு ஆண்டுகளாகச் சந்தா பாக்கி வைக்காத உறுப்பினர் அவர். கூட்டத்துக்கு வருவது குறைந்துவிட்டதே என்று செயற்குழுவில் அவரைப் பற்றிக் குறை சொன்னவர்களும் நாமேதான். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டபோது சொன்னார். தாய் தந்தையர் தருமபுரிப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். ஏழு வயதில் பலகை முன் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டத் தொடங்கியிருக்கிறார். திருமணம் வரை அதே வேலை. பின்னர் ஒப்பந்தக்காரர் மூலமாகக் கண்ணாடி மாளிகை ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அங்கே பதினோரு ஆண்டுகள் பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், அதன்மேல் எலுமிச்சை வாசனை ஸ்பிரே. இன்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் செண்டு போட்டிருந்தால்கூட இறங்கி அடுத்த பேருந்துக்கு நிற்கிறார். தலைவலி, கண்ணெரிச்சல், மூச்சிரைப்பு. சில நாட்களில் மயக்கம். "ஆஸ்துமா, வாசனைப் பக்கம் போகாதீங்க" என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாசனைப் பக்கம் போகாமல் பெங்களூரில் எங்கே போவது?

இந்த ஊரின் பெருமையே வாசனைதான். 1916இல் மைசூர் சமஸ்தானத்தில் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கினார்கள். அதையடுத்து அரசாங்கமே பெங்களூரில் சோப்பு ஆலை நடத்தியது. இன்று மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றுக்கே சாண்டல் சோப் ஃபேக்டரி என்று பெயர். கே.ஆர். மார்க்கெட்டில் விடியும் முன்பே மல்லிகை மூட்டைகள் இறங்குகின்றன. நம்மவர்கள்தாம் அதைக் கட்டி விற்கிறார்கள். சிவாஜிநகரில் அத்தர்க் கடைகள். மைசூரும் பெங்களூரும் இந்தியாவின் ஊதுவத்தித் தலைநகரங்கள். இத்தனை மணத்துக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. குழந்தை மருத்துவர் எச். பரமேஷ், பெங்களூரில் 18 வயதுக்குட்பட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை மருத்துவமனையில் ஆராய்ந்து வெளியிட்டது அது. 1979இல் ஆஸ்துமா இருந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர். 1989இல் 18.5. 1999இல் 29.5. இருபதே ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல்! இதற்கு வாகனப் புகையும் பிற தூசுகளும் பெருங்காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஊதுவத்தியால்தான் வந்தது என்று சொல்வதும் நமது நோக்கமன்று. ஆனால் ஏற்கெனவே நைந்துபோன மூச்சுக்குழலின் மேல்தான் நாம் ஸ்பிரே அடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாசனை என்றால் பூவும் சந்தனமும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடையில் விற்கும் வாசனையில் பெரும்பகுதி ஆலையில் செய்த வேதிப்பொருள். ஊதுவத்தியையே எடுத்துக்கொள்வோம். கரித்தூள், மரத்தூள், ஜிகட்டுப் பொடி சேர்த்துப் பிசைந்து மூங்கில் குச்சியில் உருட்டினால் அது கறுப்புக் குச்சி. அதற்கு மணம் கிடையாது. அந்தக் குச்சியைத்தான் பிறகு செண்டில் முக்கி எடுக்கிறார்கள். அந்தச் செண்டைக் கரைக்க டி.ஈ.பி. என்று தொழிலில் சொல்லும் டைஎத்தில் தாலேட் என்ற திரவத்தைப் பயன்படுத்துவது வழக்கம். கொளுத்தும்போது எரிவது இவை அத்தனையும்தான். சோப்பு, ஷாம்பு, முகப்பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். "பெர்ஃப்யூம்" என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பத்துப் பொருளும் ஒளிந்திருக்கலாம், நூறும் ஒளிந்திருக்கலாம். எலுமிச்சை வாசனைக்காகச் சேர்க்கும் லிமோனீன் காற்றில் உள்ள ஓசோனோடு கலந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. கழிவறையின் நாற்றத்தை மறைக்க நாம் தெளிப்பது இதை!

நாற்றம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். காலம் அந்தச் சொல்லைத் தலைகீழாக்கிவிட்டது. மணம் என்று நாம் இன்று சொல்வதையும் ஒருநாள் காலம் திருப்பிப் போடலாம்.

சிங்கப்பூரில் 61,320 சீனர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியாயிற்று. வீட்டில் நெடுங்காலம் பத்தி கொளுத்தியவர்களுக்கு மேல் சுவாசப் பாதையில் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று அது கண்டது. 2001இல் தைவானில் கோயில் ஒன்றின் உட்புறக் காற்றைச் சோதித்தவர்கள், புகைபிடிப்பவர் வீட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு நச்சு அங்கே இருக்கக் கண்டார்கள். நம் நாட்டிலேயே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஊதுவத்திக்கென்று தனித் தரம் வகுத்து 2025 டிசம்பரில் வெளியிட்டது. ஐ.எஸ். 19412 என்பது அதன் எண். சில பூச்சிக்கொல்லிகளையும் சில செயற்கை வாசனைப் பொருள்களையும் சேர்க்கக் கூடாது என்கிறது அது. சேர்க்கக் கூடாது என்று இன்று பட்டியல் போட வேண்டியிருக்கிறது. அப்படியானால் நேற்று வரை நமது வீட்டில் எரிந்தது என்ன?

இனி, எதிர்த்துக் கேட்கப்படும் கேள்விகளுக்கு வருவோம். "இதெல்லாம் மனப்பிரமை" என்பது முதலாவது. மருத்துவர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருப்பது உண்மை. பலவகை வேதிப்பொருள்களும் சேராத நிலைக்கு 1987இல் மார்க் கல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பெயரும் இலக்கணமும் கொடுத்தார். அதைத் தனி நோயாக ஏற்பதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வேதிப்பொருள் எது, வெறும் காற்று எது என்று மறைத்து வைத்துச் சோதித்தபோது நோயாளிகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று காட்டும் சோதனைகளும் உண்டு. இதை மூடி மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் ஆஸ்துமாக்காரருக்குக் கடும் வாசனையால் மூச்சிரைப்பு வரும் என்பதிலும், ஒற்றைத் தலைவலிக்காரருக்குச் செண்டு வாசனை தலைவலியைக் கிளப்பும் என்பதிலும் மருத்துவர்களிடையே சண்டை ஏதும் இல்லை. 2016இல் அமெரிக்காவில் ஆன் ஸ்டைன்மன் நடத்திய கணக்கெடுப்பில், வாசனைப் பொருள்களால் ஏதேனும் ஓர் உடல் தொல்லை வருவதாக நூற்றுக்கு 34.7 பேர் சொன்னார்கள். மூன்றில் ஒருவர்! படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் நோய்க்கு என்ன பெயர் வைப்பது என்று பண்டிதர்கள் முடிவு செய்து சொல்லட்டும். அதுவரை அவர் மூச்சு விட வேண்டுமல்லவா?

மேலும் ஒன்று. பெண் சொன்னால், அதுவும் உழைக்கும் பெண் சொன்னால், மனப்பிரமை என்று சொல்லிவிடுவது மிக எளிது. பீடி சுற்றியவர்களின் இருமலுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

அடுத்து மதத்தைப் பற்றிய கேள்வி. ஊதுவத்தி வேண்டாம் என்றால் சாமி கும்பிட வேண்டாம் என்கிறீர்களா என்று ஒரு கிளைத் தோழர் கோபமாகவே கேட்டார். நாம் யாருடைய பூசை அறைக்குள்ளும் நுழையவில்லை. கோயிலில் தூபம் காட்டுவதையோ, தேவாலயத்தில் சாம்பிராணி போடுவதையோ, பள்ளிவாசலுக்குப் போகிறவர் அத்தர் பூசுவதையோ நாம் பேசவில்லை. எல்லோருக்கும் பொதுவான இடத்தை மட்டுமே பேசுகிறோம். இந்த விதி வந்தால் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் வர வேண்டும். அத்தரை மட்டும் குறிவைத்தோ சாம்பிராணியை மட்டும் குறிவைத்தோ எவரேனும் இதைக் கையில் எடுத்தால் முதலில் எதிர்ப்பவர்கள் நாமாகத்தான் இருப்போம். நமது மேடையில் குத்துவிளக்கு ஏற்றலாம். ஏற்றியும் வருகிறோம். விளக்குக்குப் பத்தி துணை வேண்டுமென்று யார் சொன்னது?

பிழைப்பைப் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. ஊதுவத்தி ஆண்டுக்குச் சுமார் 8,000 கோடி ரூபாய்த் தொழில் என்றும், உலகிலேயே மிகுதியாக அதைச் செய்வதும் ஏற்றுமதி செய்வதும் இந்தியாதான் என்றும் அரசு சொல்கிறது. அதில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் நம் தாய்மார்கள் எத்தனை பேர் அந்தக் குச்சியை உருட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாததா? நம்மில் சிலரே அந்தப் பிள்ளைகள்தாம். குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டுவந்த தொழில்தான் அது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று உருட்டியவருக்கு அந்தக் கூலி காகிதத்தில் இருந்தது, கையில் வந்ததில்லை. இப்போது இயந்திரம் வந்து அந்த வேலையையும் வாங்கிக்கொண்டு போகிறது. கரித்தூள் படிந்த நுரையீரலை மட்டும் அது வாங்கிக்கொண்டு போகவில்லை. ஒரு மண்டபத்திலும் ஒரு மருத்துவமனையிலும் பத்தி கொளுத்தாததால் இந்தத் தொழில் சாய்ந்துவிடப் போவதில்லை. தொழிலாளியின் வேலையைக் காப்பது என்றால் அவருக்குக் கூலியும் முகமூடியும் மருத்துவமும் கேட்பதாகும். அவர் செய்த புகையை அவரையே சுவாசிக்கச் சொல்வது எப்படிக் காப்பதாகும்?

உண்மையில் நம்மைத் தயங்கவைத்தது வேறொரு கேள்வி. அதை எழுப்பியவர் ஒரு மூத்த உறுப்பினர். சாக்கடை வேலை செய்து ஓய்வுபெற்றவர். "நம்ம ஆளுங்க மேல வாட வருதுன்னு காலமெல்லாம் மூக்கைப் பிடிச்சாங்க. அதுக்காகத்தானே பவுடரு, செண்டுன்னு போட ஆரம்பிச்சோம். இப்ப நம்ம சங்கமே அதைப் போடாதேன்னு சொன்னா எப்பிடி?" என்றார்.

நெடுநேரம் நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. வாசனையும் நாற்றமும் இந்த நாட்டில் ஒருபோதும் வெறும் மூக்கின் விவகாரமாக இருந்ததில்லை. சாதியின் விவகாரமாகவும் இருந்திருக்கிறது. மீன் விற்றவள், தோல் பதனிட்டவன், மலம் சுமந்தவள், இவர்களைத் தள்ளி நிறுத்த மூக்கும் ஒரு வேலியாயிற்று. இன்றும் பெங்களூரின் அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்குத் தனி லிஃப்ட் இருக்கிறது. வியர்வை வாடைக்கு அஞ்சிக் கால் லிட்டர் செண்டைக் கொட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறான் நம் இளைஞன். அவன் பயத்தை வைத்துத்தான் விளம்பரக்காரன் பிழைக்கிறான். பத்து ரூபாய்ப் பாக்கெட்டில்கூட செண்டு விற்கிறான். ஆகவே, "வாசனை போடாதே" என்று நாம் சொல்லும்போது அது "நீ நாறுகிறாய்" என்று எவர் காதிலும் விழக்கூடாது. நாம் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது. நமது மண்டபத்தில் வியர்வையோடு வாருங்கள். ஆலையிலிருந்து நேரே வாருங்கள், ஆட்டோவை நிறுத்திவிட்டு வாருங்கள், துடைப்பத்தை வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் வியர்வை யாருக்கும் மூச்சை அடைக்காது. அதை மறைக்கும் புட்டிதான் அடைக்கிறது.

அவர் சற்று யோசித்துவிட்டு, "இப்பிடிச் சொன்னா சரி. ஆனா நோட்டீசுல இப்பிடியே போடு" என்றார். போட்டிருக்கிறோம்.

சுத்தத்துக்கு வாசனை இல்லை என்பதை ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் நம் சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள். தரை சுத்தமாக இருக்கிறதா என்று சூப்பர்வைசர் பார்ப்பதில்லை. "ஸ்மெல்" வருகிறதா என்றுதான் பார்க்கிறார். வாசனை வராவிட்டால் துடைக்கவில்லை என்று பொருள். ஆகவே இரண்டு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் அரை புட்டி. போதாக்குறைக்குப் பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிடும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. கலந்தால் எழுவது குளோரின் வாயு. 1915இல் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை எதிரிகளைக் கொல்ல அவிழ்த்துவிட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத கழிவறைக்குள், முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல், மாதச் சம்பளத்துக்காக அதைச் சுவாசிக்கிறாள் அரூரிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வந்த பெண். அப்புறம் உள்ளே வரும் பெரிய அதிகாரி, "ஆகா, என்ன சுத்தம்" என்கிறார்.

வாசனை இல்லாத இடம் கேட்பது பணக்காரர்களின் நாசூக்கு என்று யாராவது சொன்னால், இந்தக் கழிவறையை அவர்களுக்குக் காட்டுவோம்.

வேறு நாடுகளில் இது நடந்திருக்கிறது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1990களில் மருத்துவமனைகள், பள்ளிகள், அலுவலகங்கள் எனப் பல இடங்களில் செண்டு போட்டு வர வேண்டாம் என்று அறிவிப்பு வைத்தார்கள். பெரும்பாலும் சட்டம் போட்டு அல்ல, வேண்டுகோளாக. அது பைத்தியக்காரத்தனம் என்று பத்திரிகைகளில் கேலி செய்தவர்களும் உண்டு. ஊர் அதற்காக நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் மாநகராட்சியில் வேலை பார்த்த ஒரு பெண், உடன் வேலை செய்தவரின் செண்டால் மூச்சு விட முடியவில்லை என்று வழக்குத் தொடுத்தார். 2010இல் மாநகராட்சி ஒரு லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வாசனைப் பொருள் பூசி வர வேண்டாமென்று தன் ஊழியர்களைக் கேட்டுக்கொள்ளவும் ஒப்புக்கொண்டது. அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு மையமே 2009இல் தன் கட்டடங்களுக்குள் வாசனைப் பொருளுக்குத் தடை போட்டது. நோயைப் பற்றி நன்கு தெரிந்தவர்கள் தங்களுக்குச் செய்துகொண்ட ஏற்பாடு இது.

வெளிநாட்டுக் கதை எதற்கு? நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பேருந்திலும் ரயிலிலும் சினிமாக் கொட்டகையிலும் புகைபிடித்தது ஒரு காலம். பக்கத்தில் இருப்பவர் இருமினால் அவர்தான் இடம் மாற வேண்டும். 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுத்தது. 2001 நவம்பர் 2ஆம் நாள் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பொது அலுவலகம், ரயில், பேருந்து ஆகிய இடங்களில் நாடு முழுவதும் தடுத்தது. பிறர் விடும் புகையை நான் ஏன் சுவாசிக்க வேண்டும் என்ற ஒரே கேள்விதான் அடிப்படை. உயிர் வாழும் உரிமைக்குள் அது அடங்கும் என்றார்கள். அப்போதும் "பீடித் தொழிலாளி என்ன ஆவான்" என்ற கேள்வி வந்தது. "இது நடக்கிற காரியமா" என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். இன்று பேருந்தில் ஒருவன் சிகரெட் பற்றவைத்தால் கண்டக்டர் வருவதற்கு முன்பே பயணிகள் இறக்கிவிடுகிறார்கள். வாசனைப் பொருள் விஷயத்தில் நாம் 1999க்கும் பின்னால் நிற்கிறோம். இரவுப் பேருந்தில் ஊருக்குப் போகிறோம். சாமி படத்துக்கு முன் நான்கு பத்தி, கண்ணாடியில் தொங்கும் வாசனை வில்லை, மூடிய ஜன்னல். ஒசூர் தாண்டுவதற்குள் பின் இருக்கையில் ஒரு குழந்தை வாந்தி எடுக்கிறது. பேருந்து சேரவில்லை என்கிறோம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் அடங்கியுள்ளன. வேதிப்பொருள் சேராமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் ஒருவருடைய நிலைக்கு ஏற்ப நியாயமான வசதி செய்துகொடுப்பது தருமம் அன்று, கடமை என்ற கருத்து அந்தச் சட்டத்தில் உள்ளது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுகிறோம். அதற்குச் சிமெண்டும் செலவும் வேண்டும். வாசனை போடாமல் இருப்பதற்கு என்ன செலவு? மிச்சம்தான்!

"1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் நாம். 2016இல் பேருந்துகள் எரிந்ததையும் பார்த்தோம். வீட்டுமனை, ரேஷன் அட்டை, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி என்று தலைக்கு மேல் பிரச்சினைகள். இதுவா இப்போது முக்கியம்?" என்று கேட்டார்கள். அந்தப் பிரச்சினைகளைப் பேசத்தான் கூட்டம் போடுகிறோம். அந்தக் கூட்டத்துக்குள் உட்கார முடியாமல் ஓர் உறுப்பினர் படிக்கட்டில் இருக்கிறார். அவர் மட்டுமா? விசாரித்தபோது ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் இருவர் தலை காட்டினார்கள். செண்டுப் பயணி ஏறினால் இரு பக்கத் திரையையும் சுருட்டிவிட்டு ஓட்டும் ஓர் ஆட்டோ ஓட்டுநர். வாசனைச் சாக்பீஸ் டப்பா திறந்ததும் தும்மத் தொடங்கும் ஒரு பள்ளி ஆசிரியை. சாம்பிராணிப் புகைக்குப் பயந்து அக்காள் கலியாணத்துக்கே வாசலில் நின்ற ஒரு பையன். இவர்களெல்லாம் இதுவரை வாய் திறக்காதது ஏன்? "வாசனை பிடிக்காத ஜென்மம்" என்று நாம் சிரிப்போம் என்றுதான்.

அரசிடம் நாம் கேட்பவை உண்டு. அரசு மருத்துவமனைகளின் வார்டுகளிலும் வெளி நோயாளிப் பகுதியிலும் வாசனைப் பினாயிலையும் ஸ்பிரேயையும் நிறுத்த வேண்டும். மூச்சு நோயாளி மருந்துக்கு வரும் இடத்திலேயே நோயை வாங்கிக்கொண்டு போகக் கூடாது. அரசுப் பேருந்துகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும் பத்தியும் வாசனை வில்லையும் வேண்டாம். துப்புரவுப் பணியாளருக்கு முகமூடியும் கையுறையும் கொடுப்பதோடு, எதை எதோடு கலக்கக் கூடாது என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி ஒட்ட வேண்டும். கன்னடத் தொழிலாளிக்கும் நமக்கும் இதில் பேதம் கிடையாது. நுரையீரலுக்கு மொழி எல்லை இல்லை. அவர்களுடைய சங்கங்களோடும் பேசத் தொடங்கியிருக்கிறோம்.

ஆனால் நமது வீட்டைச் சரிசெய்யாமல் அரசிடம் போய் நிற்க நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே வருகிற செயற்குழுவில் பின்வரும் ஏற்பாட்டை முன்வைக்கிறோம். சங்கக் கூட்டங்களில் ஊதுவத்தி, சாம்பிராணி, பன்னீர், ஸ்பிரே எதுவும் கிடையாது. படத்திறப்புக்கு விளக்கு மட்டும். பேச்சாளருக்கு மாலைக்குப் பதில் புத்தகம். இதை நம்மில் பலர் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே செய்துவருகிறோம். கழிவறையில் பாச்சை உருண்டை போடுவதை நிறுத்திச் சோப்புத் தண்ணீரால் கழுவுவோம். புதிதாக வண்ணம் பூசிய மண்டபத்தை வாடை அடங்கும் வரை எடுக்க மாட்டோம். ஏ.சி. இல்லாவிட்டாலும் ஜன்னல் திறக்கும் மண்டபமாகப் பார்ப்போம். அழைப்பிதழின் அடியில், செண்டும் அத்தரும் போடாமல் வரும்படி ஒரு வரி, அந்த மூத்த உறுப்பினர் சொன்னபடியே மரியாதையான சொற்களில். மறந்து போட்டு வந்துவிட்டவரை யாரும் விரட்டக் கூடாது. ஜன்னல் ஓரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடலாம். மல்லிகைப் பூ வைத்து வரும் தாய்மார்களைப் பற்றி நமக்குள்ளேயே ஒருமனம் ஏற்படவில்லை. பூ மூட்டையோடு பிழைப்பவர்கள் நம்மவர்கள் என்பதோடு, தலையில் இருக்கும் ஒரு முழம் பூவுக்கும் கொளுத்திய ஒரு கட்டுப் பத்திக்கும் வேறுபாடு உண்டு என்கிறார்கள் சிலர். எது சேரும், எது சேராது என்பதை அவதிப்படுகிறவர்களே சொல்லட்டும் என்பது நமது எண்ணம்.

அந்த அம்மாளிடம் இந்த ஏற்பாட்டைப் படித்துக் காட்டினோம். "எனக்காக இவ்வளவா?" என்றார். அப்புறம், "போன வாட்டி வீட்டுமனைப் பட்டா பத்திப் பேசினாங்களாமே, என்ன முடிவாச்சு?" என்று கேட்டார். கிளைகள் தங்கள் கருத்தை மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அவதிப்படும் உறுப்பினர்கள் நேரில் வர முடியாவிட்டால் எழுத்திலாவது தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.